ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒம்பது ஸ்டேஷன்: வாசகர் கேள்வி பதில்

போன தடவ ஆண்டெனா பத்தி எழுதினதுக்கு அப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல பூஸ்டர், அதாவது ஆண்டெனா சிக்னல பெருக்குற ஆம்ப்ளிஃபயர் பத்தி தான். ஊர் வேற, சாமான் வேற, ஆனா சுத்தி சுத்தி கேக்குற விஷயம் ஒண்ணு தான்: பல சிக்னல் ஒரே நேரத்துல உள்ள போனா ஆம்ப்ளிஃபயர் என்ன பண்ணும்? அதனால இந்த மாசம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி (சென்னை, கல்லூரி மாணவர்): சார், எங்க மொட்டை மாடியில நின்னா எஃப்எம் டவர் கண்ணுக்கு தெரியும். பழைய டிவி பூஸ்டர் ஒண்ண எஃப்எம் ஆண்டெனாவுக்கு மாட்டினேன். இப்போ 103.1ல ஸ்டேஷனே கிடையாது, ஆனா அங்க 98.3ல போற பாட்டும் 93.5ல போற பேச்சும் ஒண்ணா குழைஞ்சு கேக்குது. 88.7லயும் அதே கதை. யாராவது திருட்டு ஸ்டேஷன் நடத்துறாங்களா? இங்க கேக்குற ஒம்பது ஸ்டேஷனையும் ஒரே ஆம்ப்ளிஃபயர் எப்படி தனித்தனியா பெருக்குது?

பதில்: தம்பி, உங்க கடைசி வரியில தான் விஷயமே இருக்கு. அது தனித்தனியா பெருக்கவே இல்ல. ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்டேஷன்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது, 93.5, 98.3, 101.4ன்னு நாம தான் பேர் வெச்சிருக்கோம், அதோட வாசல்ல ஒரு கணத்துல ஒரே ஒரு வோல்டேஜ் தான் இருக்கும், ஒம்பது ஸ்டேஷனும் கூடி கழிஞ்சு வந்த மொத்தம். அந்த மொத்தத்த அப்படியே பத்து மடங்கோ நூறு மடங்கோ ஆக்கி வெளிய விட்டுட்டா போதும், அதுக்குள்ள இருக்குற ஒவ்வொரு ஸ்டேஷனும் தானா அதே மடங்கு பெருகியிருக்கும், ஒண்ணோட ஒண்ணு கலக்காது, ரேடியோவுல ட்யூன் பண்ணி பிரிச்சுக்கலாம். இதுக்கு ஒரே நிபந்தனை, உள்ள போறதுக்கும் வெளிய வர்றதுக்கும் உள்ள உறவு ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி நேரா இருக்கணும். லீனியர்னு சொல்றது அத தான்.

ஆனா எந்த டிரான்சிஸ்டரும் கடைசி வரைக்கும் நேரா போகாது. 12 வோல்ட் சப்ளையில ஓடுற பூஸ்டர் அந்த சப்ளை குடுக்குற அளவுக்குள்ள தான் ஆட முடியும், உச்சிக்கு போகப் போக கோடு வளைஞ்சு படுத்துக்கும். இப்போ உங்க ரெண்டு ஸ்டேஷன மட்டும் எடுத்துக்கோங்க. 93.5க்கும் 98.3க்கும் வித்தியாசம் 4.8 மெகாஹெர்ட்ஸ். ரெண்டும் சேரும்போது மொத்த அலை நொடிக்கு 48 லட்சம் தடவ பெருசாகி சின்னதாகும், ஒரு தடவ ரெண்டும் கை கோத்துக்கும், அடுத்து ஒண்ண ஒண்ணு இழுத்து அமுக்கும். ஒவ்வொரு தடவ பெருசாகும்போதும் அந்த உச்சி பூஸ்டரோட கூரையில இடிக்குது. நொடிக்கு 48 லட்சம் தடவ இடிச்சா அந்த இடி ரெண்டு ஸ்டேஷன் மேலயும் பதியும், அதனால ரெண்டுக்கும் வெளிப்பக்கத்துல சரியா 4.8 தள்ளி நிழல் விழும். 98.3ஓட 4.8 கூட்டினா 103.1. 93.5ல 4.8 கழிச்சா 88.7. நீங்க எழுதின ரெண்டு நம்பரும் அப்படியே வந்துடுச்சு பாருங்க. திருட்டு ஸ்டேஷனும் இல்ல, அந்த ரெண்டு ஸ்டேஷன் மேலயும் ஒரு குத்தமும் இல்ல, இந்த ரெண்டு பேய் ஸ்டேஷனும் உங்க பூஸ்டர் டப்பாக்குள்ள பொறந்தது. இதுக்கு பேர் இன்டர்மாடுலேஷன், அதுலயும் மூணாம் வரிசை, ஒரு ஸ்டேஷன் ரெண்டு தடவயும் இன்னொண்ணு ஒரு தடவயும் கணக்குல வர்றதால மூணு. ரெண்டு ஸ்டேஷனயும் கூட்டினா வர்ற 191.8, கழிச்சா வர்ற 4.8, இதுகளும் பொறக்குது, ஆனா அது எஃப்எம் பேண்டுக்கு எங்கயோ வெளிய விழுறதால உங்க காதுக்கு வராது. மூணாம் வரிசை மட்டும் நடு வீட்டுக்குள்ளயே வந்து உக்காரும், ஒரு ஃபில்டராலயும் அத வெளிய தள்ள முடியாது, அதனால தான் இந்த தொழில்ல இருக்குறவங்க எல்லாரும் அதப் பாத்து தான் பயப்படுவாங்க.

நம்பலன்னா காத வெச்சு சோதிக்கலாம். எஃப்எம்ல பாட்டு உக்காந்திருக்கிறது ஃப்ரீக்வென்ஸியோட ஆட்டத்துல. 103.1ங்கிறது ரெண்டு மடங்கு 98.3ல இருந்து 93.5 கழிச்சது, அதனால அதுல 98.3ஓட ஆட்டம் ரெண்டு மடங்கா வரும், பாட்டு அளவுக்கு மீறி சத்தமா கரகரன்னு கேக்கும், 93.5 பேச்சு அதுக்கு அடியில ஓடும். 88.7ல போய் கேளுங்க, அங்க அப்படியே தலைகீழ்: பேச்சு முன்னாடி, பாட்டு பின்னாடி.

இன்னொரு சோதனை, இது தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. உள்ள போற சிக்னல 1 டிபி (டெசிபல், சிக்னல் பலம் எத்தன மடங்கு கூடுது குறையுதுன்னு சொல்ற அளவு) குறைச்சா நிஜ ஸ்டேஷன் 1 டிபி தான் குறையும், ஆனா மூணாம் வரிசை பேய் 3 டிபி குறையும். சிக்னல நாலா பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் ஒண்ணு ஏறக்குறைய 7 டிபி தின்னும், அத ஆண்டெனாவுக்கும் பூஸ்டருக்கும் நடுவுல மாட்டி, காலியா இருக்குற மூணு வாய்க்கும் 75 ஓம் டெர்மினேட்டர் (மூடி மாதிரி மாட்டுற சின்ன ரெசிஸ்டர்) போடுங்க. ஸ்டேஷன் 7 குறையும், எஃப்எம்ங்கிறதால காதுக்கு வித்தியாசமே தெரியாது, பேய் மட்டும் 21 டிபி சரிஞ்சு காணாம போயிடும். அப்படி போயிடுச்சுன்னா உங்களுக்கு அந்த பூஸ்டரே தேவையில்லன்னு அர்த்தம், கழட்டிடுங்க. டவர் கண்ணுக்கு தெரியுற வீட்டுல பூஸ்டருக்கு வேலையே இல்ல. பூஸ்டர எடுத்த பிறகும் பேய் இருந்தா ரேடியோவோட முன்பக்கம் நிரம்பி வழியுதுன்னு அர்த்தம், ஸ்ப்ளிட்டர் ரேடியோவுக்கு முன்னாடி இருக்கட்டும். அதுக்கும் அசையலன்னா ஆண்டெனா கிளாம்பையும் பக்கத்துல இருக்குற இரும்பு பைப்பையும் பாருங்க. கடல் காத்துல துருப்பிடிச்ச இணைப்பு ஒரு டையோடு மாதிரியே வேலை செய்யும், கரண்ட்டே இல்லாம இதே பேய பெத்துப் போடும்.

ரெண்டு ஸ்டேஷனுக்கே இவ்ளோன்னா ஒம்பது ஸ்டேஷனுக்கு கணக்கு போட்டுப் பாருங்க. ரெண்டு மடங்கு ஒண்ணு கழித்தல் இன்னொண்ணு, இந்த வகையில 72. மூணு ஸ்டேஷன் கூடி கழிஞ்சு வர்றது 252. மொத்தம் 324 சேர்க்கை, அதுல ஏகப்பட்டது 88லருந்து 108க்குள்ளயே விழும். பூஸ்டர் போட்டதும் பேண்ட் முழுக்க ஒரு இரைச்சல் ஏறுன மாதிரி தெரியும் பாருங்க, அது வெறும் இரைச்சல் இல்ல, இந்த கூட்டம் தான்.

கேள்வி (அதே மாணவர், பின்குறிப்பா கேட்டது): அப்போ டவர்ல எல்லா ஸ்டேஷனும் ஒரே ஆண்டெனாவுல தானே போகுது, அங்க ஏன் பேய் வரல?

பதில்: ஆண்டெனா தான் ஒண்ணு, ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு இல்ல. நிறைய நகரங்கள்ல தனியார் எஃப்எம் ஸ்டேஷன்கள் டவரையும் ஆண்டெனாவையும் பங்கு போட்டுக்கும், ஆனா ஒவ்வொருத்தருக்கும் தனி டிரான்ஸ்மிட்டர், கிலோவாட் கணக்குல தனியா பெருக்கி முடிச்ச பிறகு தான் கம்பைனர்ங்கிற பெரிய ஃபில்டர் பெட்டிக்குள்ள சேர்ப்பாங்க. அந்த பெட்டி ஒரு ஸ்டேஷனோட பவர் இன்னொரு ஸ்டேஷனோட ஆம்ப்ளிஃபயருக்குள்ள பின்வாசல் வழியா ஏறாம தடுக்குது. தடுக்கலன்னா அங்கயே பேய் பொறக்கும், அதுவும் கிலோவாட் பவர்ல. எஃப்எம் பேண்டு முடியுற 108ல இருந்து விமானங்களுக்கான பேண்டு ஆரம்பிக்குது, ரன்வேக்கு நேரா இறங்க வழிகாட்டுற சிக்னல் அங்க தான் இருக்கு. 106.4ஐ ரெண்டு மடங்காக்கி 102.3 கழிச்சுப் பாருங்க, 110.5 வரும். அதனால தான் இந்த ஃபில்டர் விஷயத்துல யாரும் சமாதானம் ஆக மாட்டாங்க.

கேள்வி (தூத்துக்குடி பக்கம் கடலோர ஊர், ஓய்வு பெற்ற ஆசிரியர்): எண்பதுகள்ல நாங்க எல்லாம் உயரமா கம்பம் நட்டு பூஸ்டர் போட்டு இலங்கையோட ரூபவாஹினி டிவி பாத்தோம். பக்கத்துல தூர்தர்ஷன் சின்ன டிரான்ஸ்மிட்டர் வந்ததும் அது கோடு கோடா போயிடுச்சு. சேனல் வேற வேற தானே, ஏன் அப்படி ஆச்சு? நாப்பது வருஷமா மனசுல இருக்குற கேள்வி.

பதில்: ஐயா, அந்த கம்பங்கள நானும் ஏறியிருக்கேன். 1982ல ரூபவாஹினி ஆரம்பிச்ச பிறகு நம்ம தெக்கத்தி கடலோரத்துல அந்த ஆசை எப்படி இருந்துச்சுன்னு இப்போ சொன்னா பிள்ளைகளுக்கு புரியாது, கிரிக்கெட் இருக்குற அன்னிக்கு ஒரு வீட்டு வாசல்ல தெருவே உக்காந்திருக்கும். கடல் தாண்டி வர்ற சிக்னல் மெல்லிசு, அதனால பூஸ்டர்ல கெயின், அதாவது பெருக்குற மடங்கு, எவ்ளோ அதிகமோ அவ்ளோ நல்லதுன்னு வாங்கி மாட்டினோம். அப்போ சரியா தான் இருந்துச்சு, ஏன்னா சுத்தி வேற பலமான சிக்னலே இல்ல.

1984ல தூர்தர்ஷன் நாடு முழுக்க மளமளன்னு சின்ன டிரான்ஸ்மிட்டர் போட்டப்போ கதை மாறிடுச்சு. 100 வாட் தான், ஆனா ஊருக்குள்ளயே நிக்குது. அந்த பூஸ்டருக்கு சேனல் பாகுபாடு கிடையாது, வாசல்ல வர்ற எல்லாத்தையும் வாங்கிக்கும். பக்கத்து டிரான்ஸ்மிட்டர் அத உச்சி வரைக்கும் தள்ளிட்டு போய் அங்கயே நிறுத்திடும், அப்புறம் மெல்லிசா வர்ற சிக்னல தூக்க அதுகிட்ட தெம்பு இருக்காது. திருவிழாவுல குழாய் ஸ்பீக்கர கேட்டிருப்பீங்க, ஆம்ப்ளிஃபயர ஃபுல்லா திருப்பி வெச்சிருப்பாங்க, தவில் அடி விழும்போதெல்லாம் பாடுறவர் குரல் உள்ள போயிட்டு வரும். பாடுறவர் குரல குறைக்கல, தவில் அந்த நிமிஷத்துக்கு இருக்குற இடத்த எல்லாம் எடுத்துக்குது. ரூபவாஹினிக்கு நடந்தது அது தான். அது மட்டும் இல்ல, பலமான சேனல்ல படத்த நிலையா நிறுத்துறதுக்காக வர்ற சிங்க் துடிப்பும் மெல்லிசான சேனல் மேல அப்படியே பதிஞ்சுடும், படத்து மேல ஒரு பட்டை கார் வைப்பர் மாதிரி பக்கவாட்டுல நகர்ந்துட்டே இருந்திருக்கும், ஞாபகம் இருக்கா? அதுக்கு பேர் க்ராஸ் மாடுலேஷன்.

நாங்க அப்போ பண்ண வைத்தியம், பூஸ்டருக்கு முன்னாடி ஒரு காயிலும் ட்ரிம்மரும் (திருப்பி மாத்துற சின்ன கெப்பாசிட்டர்) வெச்சு உள்ளூர் சேனல மட்டும் தடுக்குற ட்ராப் கட்டுறது. ட்ரிம்மர பிளாஸ்டிக் குச்சியால திருப்பிக்கிட்டே இருக்கணும், கீழ இருந்து ஒருத்தர் "வந்துடுச்சு, வந்துடுச்சு"ன்னு கத்துவார். இரும்பு ஸ்க்ரூடிரைவர வெச்சா எடுத்ததும் ட்யூன் ஓடிப் போயிடும். பூஸ்டருக்கு பின்னாடி அந்த ட்ராப்ப கட்டினவங்களுக்கு ஒரு பலனும் கிடைக்கல, ஏன்னா கெட்டது உள்ளயே கெட்டு முடிஞ்சிருக்கும்.

கேள்வி (கோயம்புத்தூர், பொறியியல் படிக்கும் வாசகி): கம்ப்யூட்டர்ல சொருகுற யுஎஸ்பி எஸ்டிஆர் ரிசீவர் டாங்கிள் வெச்சு 137 மெகாஹெர்ட்ஸ்ல மீட்டியார்ங்கிற ரஷ்ய வானிலை சாட்டிலைட் படம் எடுக்க பாக்குறேன். சொந்த இரைச்சல் (நாய்ஸ்) கம்மியா சேர்க்குற லோ நாய்ஸ் ஆம்ப்ளிஃபயர் போட்டதும் சிக்னல் இன்னும் மோசமாச்சு. ஃபில்டர ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாடி போட்டா நாய்ஸ் கூடும்னு எங்க ப்ரொஃபசர் சொல்றாங்க.

பதில்: உங்க ப்ரொஃபசர் சொன்னது சரி தான்மா. ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாடி 1 டிபி இழப்பு வெச்சா நாய்ஸ் ஃபிகர், அதாவது சேர்ற இரைச்சலோட அளவு, 1 டிபி மோசமாகும், அது மாறாது. ஆனா நகரத்துக்குள்ள உங்க பிரச்சன நாய்ஸ் இல்ல, எஃப்எம். 88லருந்து 108 வரைக்கும் இருக்குறது எல்லாம் 137க்கு பக்கத்து வீடு மாதிரி, சாட்டிலைட் சிக்னல விட பல லட்சம் மடங்கு பலம். அந்த மலிவு டாங்கிள்ல இருக்குறது சிக்னல நம்பரா மாத்துற 8 பிட் கன்வெர்ட்டர், அதால ஒரே நேரத்துல பாக்க முடிஞ்ச பெருசுக்கும் சின்னதுக்கும் இடைவெளி சுமார் 50 டிபி தான், அதுக்கு முன்னாடி இருக்குற ட்யூனர் சிப்பும் எஃப்எம் அடியிலயே திணறிடும். 1 டிபி நாய்ஸ் போனா போகட்டும், எஃப்எம் பேண்ட மட்டும் தடுக்குற பேண்ட் ஸ்டாப் ஃபில்டர ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாடி போடுங்க. ஊருக்கு வெளிய மலைப்பக்கமா போய் எடுத்தா ஃபில்டர ரெண்டாவதா வெக்கலாம். எது முதல்லங்கிறத புத்தகம் முடிவு பண்ணாது, உங்க மாடி தான் முடிவு பண்ணும்.

கேள்வி (திருச்சி): மொபைல் டவர்ல ஒரு ஆம்ப்ளிஃபயர்ல இத்தன பேர் பேசுறது, வீடியோ பாக்குறது எல்லாம் எப்படி கலக்காம போகுது?

பதில்: கலக்காம இருக்கறதுக்கு அங்க நடக்குற போராட்டம் கொஞ்ச நஞ்சம் இல்லைங்க. 4ஜியில 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துல 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில 1200 சின்ன கேரியர் (தகவல சுமக்குற அலை) ஒரே நேரத்துல போகுது. 5ஜியில 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3276. எல்லாமே ஒரே ஆம்ப்ளிஃபயர் வழியா. பிரச்சன எண்ணிக்கை இல்ல, எல்லாம் ஒரே பக்கமா சாயுற அந்த நொடி. பத்து சிக்னல், ஒவ்வொண்ணும் 1 வாட்டுன்னா சராசரி 10 வாட் தான், ஆனா பத்தும் உச்சியில ஒண்ணா கூடுற நொடியில ஒரு சிக்னலோட ஒப்பிட்டா வோல்டேஜ் பத்து மடங்கு, பவர் நூறு மடங்கு, 100 வாட் தேவை. அந்த அபூர்வமான நொடிக்காக ஆம்ப்ளிஃபயர் எப்பவும் இடம் காலியா வெச்சுட்டு ஓடணும், அதுக்கு பேக் ஆஃப்னு பேர். காலி இடம் வெச்சா கரண்ட் வீண், சூடு. டவருக்கு கீழ ஓடுற ஜெனரேட்டர் குடிக்கிற டீசல்ல கொஞ்சம் அந்த சூட்டுக்கு தான் போகுது.

இங்க தான் பழைய ஆட்கள் வந்து கை குடுக்குறாங்க. 1936ல அமெரிக்க டெலிபோன் ஆராய்ச்சி கூடமான பெல் லேப்ஸ்ல வில்லியம் டோஹர்ட்டி பெரிய ஏஎம் ரேடியோ டிரான்ஸ்மிட்டருக்காக ரெண்டு ஆம்ப்ளிஃபயர் இணைக்கிற ஒரு சர்க்யூட் பண்ணார், ஒண்ணு சாதாரண நேரத்துக்கு, இன்னொண்ணு உச்சி வரும்போது மட்டும் எழுந்து தோள் குடுக்கும். பல வருஷம் கழிச்சு அதே சர்க்யூட் இன்னிக்கு மொபைல் டவர்கள்ல ஓடுது. அதோட டிஜிட்டல் ப்ரீடிஸ்டார்ஷன்: ஆம்ப்ளிஃபயர் எப்படி வளைக்கும்னு முன்கூட்டியே அளந்து, சிக்னல அதுக்கு எதிர்ப்பக்கமா வளைச்சு அனுப்புறது, உள்ள போய் ரெண்டு வளைவும் சேர்ந்து நேராயிடும். உங்க கையில இருக்குற போனுக்கு அவ்ளோ பேட்டரி கிடையாதுன்னு தான் 4ஜியில போன்ல இருந்து டவருக்கு போற வழிக்கு உச்சி குறைவா வர்ற வேற முறைய வெச்சாங்க.

இந்த கவலையே டெலிபோன்ல தான் ஆரம்பிச்சது. 1920கள்ல அமெரிக்காவுல ஒரே லைன்ல பல பேச்ச வேற வேற ஃப்ரீக்வென்ஸியில ஏத்தி, வழி நெடுக ஆம்ப்ளிஃபயர் வெச்சு அனுப்பினாங்க. ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரும் கொஞ்சம் கொஞ்சம் வளைக்க, ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் பேச்சுல கசிஞ்சது. ஹரோல்ட் பிளாக்ங்கிற இளம் இன்ஜினியர் வருஷக்கணக்கா அதோட மல்லுக்கட்டி, 1927 ஆகஸ்ட் 2 காலையில வேலைக்கு போக ஹட்சன் ஆத்துல ஃபெர்ரியில போறப்போ, கையில இருந்த நியூயார்க் டைம்ஸ் பக்கத்துலயே நெகட்டிவ் ஃபீட்பேக் சர்க்யூட்ட வரைஞ்சார். வெளிய வர்றதுல கொஞ்சத்த எடுத்து எதிரா உள்ள குடுக்குறது, கெயின விட்டுக் குடுத்து அந்த நேர் கோட்ட வாங்குறது. நம்ம வீட்டு ஆடியோ ஆம்ப்ளிஃபயர்லயும் இது இருக்கு. நான் முதல் தடவ இத படிச்சப்போ ரெண்டு நாள் வேற எதுவும் ஓடல.

கேள்வி (புதுச்சேரி, புதுசா ஹேம், அதாவது அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கினவர்): பல பேர் சிக்னல ஒண்ணா வாங்கி பெருக்கி திருப்பி அனுப்புற லீனியர் டிரான்ஸ்பான்டர் சாட்டிலைட்ல பவர் அதிகம் போடாதீங்கன்னு சீனியர்ஸ் திட்டுறாங்க. என் பவர், என் ஃப்ரீக்வென்ஸி, மத்தவங்களுக்கு என்ன?

பதில்: ஃப்ரீக்வென்ஸி உங்களது, ஆம்ப்ளிஃபயர் எல்லாருக்கும் பொது. 2005 மே 5ல ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து போன நம்ம ஹேம் சாட்டிலைட் ஹேம்சாட்டையே எடுத்துக்கோங்க. சிக்னல் 435 மெகாஹெர்ட்ஸ்ல ஏறி 145.9 பக்கம் இறங்குச்சு, 50 கிலோஹெர்ட்ஸ் அகலம், வெளிய வந்த மொத்த பவரே சுமார் 1 வாட். அந்த 1 வாட்ட தான் அந்த நேரத்துல பேசின அத்தன பேரும் பங்கு போட்டுக்கிட்டாங்க, கொழும்புல இருந்தவரும் பெங்களூர்ல இருந்தவரும். இந்த மாதிரி சாட்டிலைட்ல நீங்க பத்து மடங்கு பவர் போட்டா உங்க குரல் பத்து மடங்கு ஆகாது, டிரான்ஸ்பான்டர் தன்னோட கெயின குறைச்சுக்கும், மத்த எல்லாரும் மூழ்கிடுவாங்க. எஃப்எம்ல பேசவே கூடாதுன்னு சொல்றதும் இதனால தான், நீங்க மூச்சு விடுற நேரத்துலயும் எஃப்எம் கேரியர் முழு பவர்ல நின்னு தின்னுட்டே இருக்கும், எஸ்எஸ்பி (சிங்கிள் சைட்பேண்ட்) முறையில குரல் வர்ற நேரத்துல மட்டும் தான் பவர் போகும். ஹேம்சாட் 2014 வரைக்கும் அவ்ளோ நாள் உழைச்சுது, எத்தன பேர் அதுல முதல் சாட்டிலைட் தொடர்பு பேசினாங்க, எனக்கு இன்னும் அந்த குரல்கள் காதுல இருக்கு.

இப்போ 26 டிகிரி கிழக்குல இருக்குற கியூஓ 100ங்கிற ஹேம் சாட்டிலைட் சிக்னல் நம்ம ஊருக்கு நல்லா எட்டும். அங்க ஒரு விதி: உங்க சிக்னல் பீக்கன (சாட்டிலைட்ல இருந்து எப்பவும் வர்ற அடையாள சிக்னல்) விட உயரக் கூடாது. உயர்ந்தா லெய்லான்னு ஒரு ஏற்பாடு உங்க ஃப்ரீக்வென்ஸி மேலயே சைரன் ஊதும், உலகமே கேக்கும். முதல்ல கேட்டு பழகுங்க, பீக்கன் எந்த உயரத்துல நிக்குதுன்னு கண்ணுல பதியட்டும்.

கேள்வி (சேலம்): வீட்டுக்குள்ள டவர் கிடைக்கல, ஆன்லைன்ல மொபைல் பூஸ்டர் வாங்கி மாட்டலாமா?

பதில்: வேணாம். அனுமதி இல்லாம அத மாட்டுறது நம்ம நாட்டுல சட்டப்படி குத்தம். உங்க வீட்டு மேல இருக்குற அந்த டப்பா டவரோட காதுக்குள்ள நேரா இரைச்சல கொட்டும், உங்க தெரு முழுக்க கால் கட் ஆகும். வைஃபை காலிங் ஆன் பண்ணிக்கோங்க.

கேள்வி (திண்டுக்கல் பக்கம், கேபிள் ஆபரேட்டர்): அண்ணே, என் லைன்ல ஏழு ஆம்ப்ளிஃபயர் தாண்டி இருக்குற தெருவுல சில சேனல் மட்டும் கட்டம் கட்டமா உடையுது. கடைசி ஆம்ப்ல கெயின் ஏத்திட்டேன், இன்னும் மோசம்.

பதில்: ஏத்தினத உடனே இறக்குங்க தம்பி. அனலாக் காலத்துல லெவல் கூடினா படத்துல கோடு விழும், கண்ணுக்கு தெரியும். டிஜிட்டல்ல இன்டர்மாடுலேஷன் இரைச்சல் மாதிரி பரவி உக்காந்துக்கும், லெவல் மீட்டர்ல சிக்னல் நல்லா பலமா காட்டும், ஆனா எம்இஆர், அதாவது டிஜிட்டல் சிக்னலோட சுத்தத்த காட்டுற அளவு, விழுந்திருக்கும். தகவல ரொம்ப நெருக்கமா அடுக்குற 256 க்வாம் முறையில போற சேனல் முதல்ல உடையும், தளர்வா அடுக்குற 64 க்வாம் சேனல் தப்பிச்சுக்கும், அதனால தான் சில சேனல் மட்டும். இன்னொண்ணு, வரிசையா வெச்ச ஆம்ப்ளிஃபயர் எண்ணிக்கை ரெண்டு மடங்கானா இரைச்சல் 3 டிபி தான் கூடும், ஆனா மூணாம் வரிசை கலப்படம் 6 டிபி வரைக்கும் கூடும். தப்பு பெரும்பாலும் கடைசியில இருக்காது, மூணாவதோ நாலாவதோ ஆம்ப் அளவுக்கு மீறி ஓடிட்டு இருக்கும், அதுக்கப்புறம் வர்ற மிச்ச ஆம்ப் எல்லாம் அந்த கெட்டத அப்படியே சுமந்துட்டு போகும், எந்த ஆம்ப்பாலயும் அத திரும்ப நல்லதாக்க முடியாது.

சிக்னல் கிளம்புற ஹெட்எண்ட்ல இருந்து ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரா நடந்து போங்க. உள்ள வர்ற லெவல், வெளிய போற லெவல், எம்இஆர், மூணையும் கீழ் சேனல் ஒண்ணுலயும் மேல் சேனல் ஒண்ணுலயும் அளந்து நோட்டுல எழுதுங்க. எம்இஆர் எந்த ஆம்ப்ல சட்டுன்னு விழுதோ அதோட உள்வாசல்ல 3 டிபி பேட் (சிக்னல குறைக்கிற சின்ன பாகம்) போட்டு திரும்ப அளங்க, எம்இஆர் ஏறினா அங்க ஓவர்லோடு தான், இன்னும் இறங்கினா லெவல் பத்தல, அதுக்கு முந்தின கேபிளயும் கனெக்டரயும் பாக்கணும். ஏழு ஆம்ப் நம்பரையும் எழுதி அனுப்புங்க, எதுல எவ்ளோ குறைக்கணும்னு அடுத்த மாசம் ஒண்ணு ஒண்ணா சொல்றேன்.